மூன்றாவது பானை

புள்ளி நான்காவது மூலையையும் தோண்டத் தொடங்கியிருந்தது.

கண்ணாடித் தொட்டியில் விரித்திருந்த காகிதம் கிழிந்து சுருண்டு கிடந்தது. அதற்குக் கீழே வெறும் கண்ணாடி. முன்னங்கால் நகங்கள் அதில் சர்சர்ரென்று வழுக்கின. கொஞ்ச நேரம் தோண்டும். நின்று வயிற்றை எக்கி முக்கும். ஒன்றும் நடக்காது. அடுத்த மூலைக்குப் போகும்.

ஜானவி சாமான் வைக்கும் உக்கிராண அறையின் கதவைச் சாத்திக்கொண்டு தொட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். நேற்றுக்கூடப் புள்ளி நன்றாக நடந்தது. இன்று காலையில் பின்னங்கால்கள் இரண்டும் உடம்போடு ஒத்துழைக்கவில்லை, இழுபட்டு வந்தன. கண்கள் உள்ளே போயிருந்தன. வயிற்றுத் தோலுக்கு அடியில், இரண்டு பக்கமும், வெளிறிய இரண்டு நீள முட்டைகள் அப்படியே தெரிந்தன.

வெளியே தெரு முழுக்கப் பெண்கள். இன்று ஆற்றுக்கால் அம்மனுக்குப் பெண்கள் தெருவிலேயே வைக்கும் பொங்கல். ஸ்ரீவராகத்தின் எல்லாத் தெருக்களிலும், கோட்டை வரைக்கும், அதற்கு அப்பாலும், கண்ணுக்கு எட்டிய தூரம் மூன்று மூன்று செங்கல்லாக அடுப்புகள். அடுப்புக்கு ஒருத்தி. ஆட்டோ இல்லை, கார் இல்லை, ஸ்கூட்டர்கூட நுழைய முடியாது. மத்தியானம் நைவேத்தியம் முடிந்து தீர்த்தம் தெளிக்கும் வரை ஒருத்தியும் தன் இடத்தைவிட்டு அசைய மாட்டாள்.

பல்லி பார்க்கத் தெரிந்த டாக்டர் ஊரின் மறுகோடியில் இருந்தார்.

புள்ளி சிறுத்தைப் பல்லி. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், விரல் மொத்தத்துக்கு வால். சுவரில் ஏறத் தெரியாது. நம்மைப் போலக் கண்ணை மூடித் திறக்கும். ஜானவி கல்யாணமாகித் தஞ்சாவூரிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தபோது தொட்டியோடு வந்தது. சீர்வரிசையில் இதுவும் ஒன்று என்று அவள் கணவன் கேசவ் எல்லோரிடமும் சொல்லுவான். அவனுடைய அம்மா லலிதாம்பாள் அப்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"பல்லி இருக்கட்டும். நம்ம ஆத்துச் சுவத்துல ஏற்கெனவே பத்து இருக்கு, பதினோராவதா இருந்துட்டுப் போறது. ஆனா முட்டை கிட்டைன்னு ஒண்ணும் இந்த வாசப்படி ஏறப்படாது, கேட்டியோ?"

ஜானவி கேட்டுக்கொண்டாள். இரண்டு வருஷம் அதன்படியே நடந்தாள். இந்த ஜனவரியில்தான் மனசு கெட்டது. ஐ.டி. பார்க்கில் அவளோடு வேலை பார்க்கும் அஜின் தன் ஆண் பல்லியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். சீசன் வந்துவிட்டது, அது தீனியைக்கூடத் தொடாமல் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறது என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு டப்பாவில் கொண்டு வந்தான்.

உள்ளே விட்டதும் அந்த ஆண் வால் நுனியை அதிர வைத்தது. காகிதத்தின் மேல் அது கைப்பேசி அதிர்வதுபோல் சத்தமிட்டது. அடுத்த நொடி பாய்ந்து புள்ளியின் கழுத்தைக் கவ்விப் பிடித்தது.

"அய்யோ, கடிக்கறது, எடு எடு," என்று ஜானவி கையை உள்ளே விடப் போனாள்.

"பேடிக்காண்டாம், பயம் வேண்டாம். அது கடி இல்லை, கல்யாணம்," என்றான் அஜின். "கையை விட்டா உங்களைத்தான் கடிக்கும்."

கேசவுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவன் கொச்சியில் வேலை, வாரக்கடைசியில் வருவான். முட்டை வந்தால் சத்தமில்லாமல் அஜின் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள். ஜானவி ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து, மூடியில் புள்ளி நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளே ஈரத் தேங்காய்நார்த் தூள் நிரப்பித் தொட்டியில் வைத்தாள். முட்டையிடும் பெட்டி. புள்ளி அதற்குள் போய் வர ஆரம்பித்துவிட்டது. எல்லாம் சரியாகத்தான் போனது.

பிறகு நாகர்கோவிலிலிருந்து சிவகாமி மாமி வந்து இறங்கினாள்.

சிவகாமி லலிதாம்பாளின் மன்னி, அண்ணன் மனைவி. பொங்கலுக்காக விரதம் இருந்துகொண்டு வந்தவள். வந்த உடனே தொட்டி இருந்த பின்னறை தனக்கு வேண்டும் என்றாள். தொட்டி உக்கிராண அறைக்குப் போனது. "அந்த வெள்ளை டப்பா என்னது, அதுக்குள்ள?" என்று கேட்டாள். முட்டையிட என்று விரதக்காரியிடம் எப்படிச் சொல்வது? "சும்மா, மாமி," என்று ஜானவி டப்பாவை எடுத்து, தூளைக் கறிவேப்பிலைச் செடிக்குக் கொட்டி, குழாயடியில் போட்டுவிட்டாள். விருந்தாளி போன பிறகு திரும்ப வைத்துக்கொள்ளலாம். நான்கு நாள்தானே என்று நினைத்தாள்.

புள்ளி அந்த நான்கு நாளை ஒத்துக்கொள்ளவில்லை.

கைப்பேசியில் டாக்டர் ஜெயன் கிடைத்தார். பாறசாலைக்காரர், தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் வரும்.

"கால் இழுக்குதா? எப்போதிலிருந்து?"

"காலையிலேர்ந்து, டாக்டர்."

"சரி. முட்டையிடப் பெட்டி வெச்சிருக்கீங்க, அல்லே?"

ஜானவி டப்பா இல்லாத தொட்டியைப் பார்த்தாள்.

"ஜானவி?"

"எடுத்துட்டேன்."

"எடுத்தாச்சா? எதுக்கு?"

"ஆத்துல எல்லாரும் பொங்கல் விரதம், டாக்டர்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "பல்லிக்கு விரதம் இல்லையே. அதுக்கு ஈரமா, இருட்டா, தோண்டி மூடற மாதிரி இடம் கிடைச்சாத்தான் இடும். இல்லேன்னா பிடிச்சு வெச்சுக்கும். பிடிச்சு வெச்சா முட்டை உள்ளேயே ஒட்டிப்போகும். அதுதான் இப்போ நடக்குது."

"நான் கொண்டு வரட்டுமா? நடந்தே வரேன்."

"அடுப்பு பத்த வெச்சா ஒரே புகையாயிடுமே. வேண்டாம், வழியிலேயே போயிடும். இப்போ நோக்குங்க. வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் நிக்க வைங்க. கால்சியம் நாக்குல தடவுங்க. பெட்டியைத் திரும்ப வைங்க. நைவேத்தியம் கழிஞ்சு ரோடு திறந்த உடனே கொண்டு வாங்க. அதுக்குள்ள இட்டா பிழைச்சுது. ஊசி போடலாம், ஆனா இத்தனை தளர்ந்த உடம்புக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன்."

வெந்நீர் வைத்தாள். கால்சியம் தடவினாள். நார்த்தூள் கட்டி ஒன்று பிரிக்காமல் இருந்தது, அதை ஊறவைத்தாள். பெட்டிக்காகப் பின்வாசல் குழாயடிக்கு ஓடினாள்.

டப்பா அங்கே இல்லை.

அது வாசலில் இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் மணையில் சிவகாமி உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் வாழையிலையில் அரிசி, வெல்லம், ஏலக்காய். அவற்றுக்கு நடுவில் வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா நிறையத் துருவிய தேங்காய்.

"மூடியில யாரோ ஓட்டை போட்டிருக்கா," என்றாள் சிவகாமி, ஜானவி பார்ப்பதைப் பார்த்து. "ஆனா என்ன, தேங்காய்க்குக் காத்து போகட்டும். புளி போட்டுத் தேய்ச்சு வெச்சிருக்கேன், பளிச்சுனு இருக்கு பாரு. நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

"ஒண்ணும் இல்லை, மாமி."

ஜானவி உள்ளே திரும்பினாள். ஒரு பிளாஸ்டிக் தாம்பாளத்தில் ஈரத் தூளைப் பரப்பித் தொட்டியில் வைத்தாள். புள்ளி அதன்மேல் ஏறியது, மோந்தது, இறங்கியது. திறந்த இடம், அதற்குப் பிடிக்கவில்லை. மறுபடி கண்ணாடி மூலைக்குப் போய்ச் சர்சர்ரென்று தோண்டியது. இந்த முறை சீக்கிரமே நின்றுவிட்டது. தலையைத் தரையில் வைத்துக்கொண்டது.

கதவு திறந்தது. நெய் எடுக்க வந்த லலிதாம்பாள் வாசற்படியிலேயே நின்றாள்.

"என்னடி ஜானு, அழறியா?"

"இல்லைம்மா."

"பின்னே கண்ணுல என்ன, புகையா? இன்னும் அடுப்பே பத்த வெக்கலையே." அருகில் வந்து தொட்டிக்குள் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை பார்த்தாள். "வயத்துல என்னது அது ரெண்டு?"

இனி மறைக்க ஒன்றும் இல்லை. "முட்டை."

லலிதாம்பாள் இன்னும் குனிந்து பார்த்தாள். தெருவில் ஒலிபெருக்கி மலையாளத்தில் யாரையோ வழி விடச் சொன்னது.

"அந்தப் பையன் ஒரு டப்பாவுல ஒரு பல்லி கொண்டுவந்தானே. சும்மா பாக்கறதுக்குன்னு சொன்னியே."

"பெண் பாக்க வந்துதும்மா."

"வாயைப் பாரு." ஆனால் அவள் கண் தொட்டியைவிட்டு நகரவில்லை. "இடட்டுமே, ஏன் இடலை?"

"இருட்டா, ஈரமா இடம் வேணும். வெச்சிருந்தேன். மாமி வந்ததும் நான்தான் எடுத்துட்டேன். நீங்க முட்டை கூடாதுன்னு சொன்னேளேன்னு." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா செத்துப் போயிடும்மா. என்னாலதான்."

"எதுல வெச்சிருந்தே?"

ஜானவியின் கண் தானாக வாசல் பக்கம் போனது. லலிதாம்பாளும் திரும்பிப் பார்த்தாள். திறந்த கதவு வழியாக அடுப்பும், சிவகாமியும், வெள்ளை டப்பாவும் தெரிந்தன. ஓட்டை போட்ட மூடி தெரிந்தது.

லலிதாம்பாள் ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு நெய்ப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"மன்னி, அந்தத் தேங்காய் வேண்டாம். காறல் வாடை அடிக்கறது."

"காறல் வாடையா? இப்போ துருவினது, லலிதா."

"எனக்கு வாசனை வருது. வேற தேங்காய் உடைக்கறேன்."

அவள் டப்பாவோடு உள்ளே வந்து, புளியும் தேங்காயும் மணக்கும் அதற்குள் பல்லி இனிப் போகாது என்று அதைப் பின்வாசலில் வைத்துவிட்டு, நேராக உக்கிராண அறைக்குத் திரும்பினாள். பரணுக்குக் கீழே வைக்கோல் சுற்றி ஒரு புது மண்பானை இருந்தது. பழவங்காடியிலிருந்து மூன்று பானை வாங்கி வந்திருந்தாள். மன்னிக்கு ஒன்று, தனக்கு ஒன்று. மூன்றாவது, நடுவில் ஒன்று விரிசல் விட்டால் மாற்ற. எல்லா வீட்டிலும் அப்படித்தான் வாங்குவார்கள். அம்மனுக்கு வாங்கிய பானை, இன்னும் நெருப்புப் படாதது.

அதை எடுத்து ஜானவியிடம் நீட்டினாள்.

"அம்மா, இது பொங்கலுக்கு வாங்கினது."

"எனக்குத் தெரியாதா? அம்மனுக்கு அடுப்பு எரியறப்போ என் ஆத்துக்குள்ள ஒரு உசிரு போகப்படாது. முட்டை கணக்கை அப்புறம் பேசிக்கறேன், அது இருக்கு உனக்கு."

பானையில் பாதிக்கு ஈரத் தூள் நிரப்பினார்கள். தொட்டிக்குள் பானை நுழையவில்லை. தரையில் சாய்த்து வைத்து, இரண்டு பக்கமும் அரிசிச் சாக்கை முட்டுக் கொடுத்து, ஜன்னலைச் சாத்தினார்கள். ஜானவி புள்ளியை இரண்டு கையாலும் எடுத்துப் பானை வாய்க்கு முன்னால் விட்டாள். அது நகரவில்லை.

வெளியே செண்டை முழங்கியது. கோயிலில் முதலில் மூட்டும் பண்டார அடுப்பு பற்றிவிட்டது என்று ஒலிபெருக்கி சொன்னது. பெண்களின் குரவை ஒலி தெருத்தெருவாகக் கேட்டு நெருங்கியது. அடுத்தடுத்த அடுப்புக்கு நெருப்பு கைமாறி வந்துகொண்டிருந்தது. லலிதாம்பாள் எழுந்து ஓடினாள்.

ஜானவி தனியாக உட்கார்ந்திருந்தாள். கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்தும் ஓலைப் புகை கசிந்து வந்தது. புள்ளி நாக்கை ஒரு முறை நீட்டியது. முன்னங்காலைப் பானையின் விளிம்பில் வைத்தது. உடம்பை இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. தலை போனது, வயிறு போனது, கடைசியாக வால் நுனியும் இருட்டுக்குள் மறைந்தது.

ஒரு சத்தமும் இல்லை. உள்ளே போய்ச் செத்துவிட்டதோ என்று ஜானவி பயந்தாள். கையை விட்டுப் பார்க்கத் துடித்தாள். விடவில்லை.

அப்போது பானை வாயிலிருந்து ஒரு பிடி ஈரத் தூள் வந்து விழுந்தது. இன்னொன்று. புள்ளி தோண்டியது.

அதே நேரத்தில் வாசலில் உஸ்ஸென்று ஒரு சீறல் கேட்டது. சிவகாமியின் குரல் உயர்ந்தது. "லலிதா, உன் பானை. உன் பானை ஒழுகறது பாரு."

ஜானவி பானையை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள்.

லலிதாம்பாள் வந்தாள். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, முகம் முழுக்க வியர்வையும் கரியுமாக. "அடி விட்டுடுத்து. ஜலம் பூரா நெருப்புல. கொடு அதை."

"அம்மா, மெதுவா பேசுங்கோ. இப்போதான் ஆரம்பிச்சிருக்கு."

லலிதாம்பாள் குனிந்தாள். கை பானையின் விளிம்புக்குப் போய்விட்டது. உள்ளே இருட்டில் பின்னங்கால் ஒன்று தூளைத் தள்ளுவது தெரிந்தது. காலையில் இழுபட்ட அதே கால்.

"இப்போ எடுத்தா?"

"நிறுத்திடும். திரும்ப ஆரம்பிக்கத் தெம்பு இருக்காது."

வருஷம் தவறாமல் மண்பானையில் பொங்கல் வைத்தவள் லலிதாம்பாள். கேசவ் வயிற்றில் இருந்தபோதுகூட விட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லுவாள். அவள் கை விளிம்பிலேயே இருந்தது.

கை விலகியது. லலிதாம்பாள் அலமாரியிலிருந்த வெண்கல உருளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"இதென்ன உருளி?" சிவகாமியின் குரல் கதவு வழியாகத் தெளிவாகக் கேட்டது. "மூணாவது பானை எங்கே?"

"கொடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"ஜானுவோட பல்லிக்கு. பிரசவம்."

ஓலை சடசடத்தது. பிறகு மணை நகர்ந்தது. காலடி உள்ளே வந்தது. ஜானவி எழுந்து கதவின் குறுக்கே நின்றாள்.

"மாமி, உள்ளே வராதேங்கோ. சத்தம் கேட்டா நிறுத்திடும்."

"நான் சத்தம் போட்டேனா?" என்றாள் சிவகாமி. அடித்தொண்டையில்தான் பேசினாள், ஆனால் கண் இரண்டும் கனன்றன. "விரதக்காரி இருக்கற ஆத்துல முட்டை. அம்மன் பானையில முட்டை. உன் மாமியாருக்குப் புத்தி எங்கே போச்சு?" பேசிக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள். "இரு. அந்தத் தேங்காய் காறவே இல்லை. அந்த மூடியில ஓட்டை."

ஜானவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதே டப்பாவா?"

"அதேதான், மாமி."

"கடங்காரி," என்றாள் சிவகாமி, சத்தமே வராமல். திரும்பி வாசலுக்குப் போய்விட்டாள்.

முதல் முட்டை வந்துவிட்டது. ஜானவி கைப்பேசி வெளிச்சத்தைக் கையால் பாதி மறைத்துக்கொண்டு பார்த்தாள். தூளின்மேல் வெள்ளையாக, ஈரமாகக் கிடந்தது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. புள்ளி அதன் பக்கத்தில் அடிவயிறு தரையில் படக் கிடந்தது. வயிற்றின் இடது பக்கம் இன்னும் புடைத்திருந்தது.

அதற்குப் பிறகு அது அசையவில்லை.

டாக்டருக்குத் தகவல் அனுப்பினாள். "ரெண்டாவதும் இன்னைக்கே வரணும்," என்று பதில் வந்தது. "கண் திறந்திருக்கா பாருங்க. தொடாதீங்க." பார்த்தாள். கண் மூடியிருந்தது. விலா மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. சில சமயம் ஏறியது, இறங்கக் காணோம் என்று தோன்றும்.

வாசலில் பாயசம் பொங்கி வழிந்தது. குரவை கேட்டது. அப்புறம் இலையில் சுருட்டி வேகவைக்கும் தெரளியப்பத்துக்கு மாவு பிசையும் சத்தம். ஜானவி எதற்கும் போகவில்லை, யாரும் அவளைக் கூப்பிடவும் இல்லை. ஒரு முறை கதவு கொஞ்சம் திறந்து, ஒரு டம்ளர் மோர் உள்ளே வைக்கப்பட்டது. வளையலைப் பார்த்தால் லலிதாம்பாள் கையல்ல.

சாலை திறந்த உடனே புறப்பட அட்டைப்பெட்டியில் துணி விரித்துத் தயாராக வைத்தாள். கேசவிடமிருந்து அழைப்பு வந்தது, எடுக்கவில்லை. என்ன சொல்வது? பாதி பிழைத்திருக்கிறது என்றா?

நைவேத்திய நேரம் ஆயிற்று. தெரு முழுக்க ஒரே நிசப்தம். பூசாரி வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருகிறார் என்று புரிந்தது. பெண்கள் எழுந்து கைகூப்பி நிற்பார்கள். இன்னும் சிறிது நேரத்தில் கூட்டம் கலையும். ஜானவி அட்டைப்பெட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு பானைக்குள் கையை நீட்டினாள்.

விரல் வாலைத் தொடும் முன்பு புள்ளியின் வால் மெல்ல மேலெழுந்தது.

அவள் கையை அப்படியே நிறுத்தினாள். உடம்பு முழுக்க ஒரு முறை இறுகியது. தளர்ந்தது. மறுபடி இறுகியது. வால் அடியில் ஏதோ வெள்ளையாக எட்டிப் பார்த்தது, உள்ளே போனது. ஜானவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூன்றாவது முறை அது உள்ளே போகவில்லை. மெதுவாக, நம்ப முடியாத அளவு மெதுவாக, முழு முட்டையும் வெளியே வந்து புள்ளியின் பின்னங்கால்மேல் உருண்டு நின்றது. நசுங்காத முட்டை.

புள்ளி சிறிது நேரம் அப்படியே கிடந்தது. அப்புறம் கண்ணைத் திறந்தது. பின்னங்காலால் தூளை இழுத்து முட்டைகளின் மேல் தள்ளி மூடத் தொடங்கியது, அங்கே யாருமே இல்லாதது போல.

கூட்டம் கலையும் சந்தடி ஓய்ந்த பிறகு பெண்கள் இருவரும் உள்ளே வந்தார்கள். புள்ளி பானையை விட்டு வெளியே வந்து, வயிறு ஒட்டிப்போய், ஜானவி வைத்த தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தது. கால் இரண்டும் உடம்புக்கு அடியில் ஊன்றியிருந்தன.

"பிழைச்சுதா?" என்றாள் லலிதாம்பாள்.

"டாக்டர் நாளைக்குக் கொண்டு வந்து காட்டச் சொன்னார். தண்ணி குடிக்கறது, இனி பயமில்லைன்னார்."

சிவகாமி கையைக் கட்டிக்கொண்டு கதவருகிலேயே நின்றாள். "ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு, மாமி. ஒண்ணு நசுங்கிடுத்து."

"அந்தப் பானையை நிமித்தி வைக்க வேண்டாமா? சரிஞ்சு கிடக்கே."

"கூடாது, மாமி. இட்ட முட்டையைப் புரட்டினா உள்ளே இருக்கற குஞ்சு செத்துடும். எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும்."

"அப்போ யாரும் தொடாதேங்கோ," என்றாள் சிவகாமி, வேறு யாரோ தொட வந்ததுபோல.

லலிதாம்பாள் அரிசிச் சாக்கின்மேல் உட்கார்ந்தாள். காலையிலிருந்து இப்போதுதான் உட்காருகிறாள். "சரி. அந்த அஜின் இனிமே இந்தப் பக்கம் டப்பாவைத் தூக்கிண்டு வரப்படாது. இதோட முடிஞ்சுது."

ஜானவி புள்ளியைப் பார்த்தாள்.

"என்ன? முடிஞ்சுதுதானே?"

"அவன் வர வேண்டாம்மா. ஆனா ஒரு தடவை சேர்ந்தா இதுக்கு அந்த சீசன் முழுக்கப் போதும். இன்னும் சில வாரத்துல திரும்ப ரெண்டு. அப்புறம் திரும்ப ரெண்டு. மழை வர வரைக்கும் இட்டுண்டே இருக்கும்."

லலிதாம்பாள் மருமகளைப் பார்த்தாள். பல்லியைப் பார்த்தாள். சரிந்து கிடந்த பானையையும், மன்னியையும் பார்த்தாள். மன்னி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது.

"தெரு முக்குல உட்கார்ந்திருந்த பானைக்காரி இன்னும் போயிருக்க மாட்டா," என்றாள் லலிதாம்பாள். "ஓடு. வாய் சின்னதா, அடி கனமா பார்த்து வாங்கு. எனக்கு வந்த மாதிரி ஒழுகல் பானையை வாங்கிண்டு வந்துடாதே."